தின்னர் வாளிக்குப் பக்கத்து ஸ்டூல்

எங்கள் கம்பெனியில் ஆபீஸ் அறைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சர்ட்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொருள் அடைக்கிற டப்பாக்களைச் சுத்தமாகவும் ஆபத்தில்லாமலும் செய்கிற கம்பெனி இது என்று அதில் இருக்கிறதாம். இங்கிலீஷ் என்பதால் நான் படித்ததில்லை, படித்தவர்கள் சொன்னார்கள். லீவு கேட்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருகிற விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்பெனி மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா, ஸ்வீட் கடைகளுக்கான டப்பா, எல்லாவற்றுக்கும் மூடி. கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் போகிறோம். வழியில் காட்டூர்ப் பக்கத்துப் பெண்களும் சிலர் ஏறுவார்கள். எங்கள் வீட்டு ஆண்கள் ஏரிக்கும் கடலுக்கும் மீன் தொழிலுக்குப் போகிறவர்கள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மண் மூடிவிட்டால் ஏரியில் இறால் வராது, வீட்டில் அடுப்பு எரியாது. அந்த மாதங்களுக்காகத்தான் எங்களுக்கு இந்த வேலை.

ஒரு பெரிய தயிர்க் கம்பெனிக்காரர்கள், சர்ட்டிஃபிகேட் வாங்கினால்தான் உங்களிடம் டப்பா எடுப்போம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்றிலிருந்து எங்களுக்குப் பிடித்தது சனி. வளையலைக் கழற்று, மூக்குத்தியைக் கழற்று, தாலியைக் கோட்டுக்குள் போடு. பூ வைக்காதே, நகத்துக்குச் சாயம் பூசாதே. ஸ்டிக்கர் பொட்டு கழன்று டப்பாவில் விழுந்துவிடுமாம், அதனால் அதுவும் கூடாது. சரி என்று சாந்துப் பொட்டு வைத்துக்கொண்டு போனோம். மறுநாளே அதுவும் கூடாது என்றார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும்போது ஒருத்தி, "எம்புருசன் நல்லாதான் கீறாரு மேடம், எழுதி வெச்சிக்கோங்க" என்று கேட்டில் நின்றே கத்தினாள். எல்லோரும் சிரித்தோம்.

அந்த விதிகள்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் சுத்தம் தெரியாத பொம்பளை புலம்புகிறாள் என்று நினைப்பீர்கள். தயிர் டப்பாவில் முடி கிடந்தால் நானே கடைக்காரனை ஒரு வழி பண்ணிவிடுவேன். கையை வெட்டிக்கொண்டால் நீல நிற பிளாஸ்டர்தான் ஒட்ட வேண்டும், அது டப்பாவுக்குள் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும் என்று தரம் பார்க்கிற க்யூசி மேடம் சொன்னபோது, அட, யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. பொன்னேரிப் பக்கத்துப் பெண் அந்த மேடம். எங்களைவிடச் சின்ன வயது, ஆனாலும் மேடம்தான். பல்ப் உடைந்தால் என்ன, பூச்சி வந்தால் என்ன, பல்லி வந்தால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. தின்னருக்கு மட்டும் இல்லை.

டப்பாமேல் பேரும் படமும் அச்சடிக்கிற மிஷின் ஷெட்டின் கடைசியில் இருக்கிறது. அதன் வாயில் ஒரு ஸ்டூல். அங்கே உட்காருகிறவள் வருகிற டப்பாவைத் திருப்பிப் பார்த்து, மை இழுவியிருந்தால் ஒதுக்கி, நல்லதை அடுக்க வேண்டும். அரை மணிக்கொரு தரம் துணியை, மையைக் கரைக்கிற தின்னரில் நனைத்து ரோலரைத் துடைக்க வேண்டும். தின்னர் வாளி முழங்காலுக்குப் பக்கத்திலேயே, மூடியில்லாமல் இருக்கும். முதலில் அங்கே சுவரில் ஒரு ஃபேன் இருந்தது, உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளும். அது கெட்டுப்போனது. கழற்றினார்கள். சர்ட்டிஃபிகேட்டுக்காகச் சோதிக்கிற ஆடிட் வருகிறது, ஓட்டை வழியாகப் பூச்சி வந்தால் மார்க் போய்விடும் என்று அந்த ஓட்டையில் ஒரு தகரத்தை வைத்து ஆணியடித்துவிட்டார்கள். புது ஃபேன் வாங்கவில்லை.

அந்த ஸ்டூல் எங்கள் தெரு அக்கா ஒருத்திக்குத்தான் என்று சூப்பர்வைசர் எழுதிவிட்டார். அவளுக்குக் கை வேகம் ஜாஸ்தி, எதிர்த்துப் பேச மாட்டாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் மூச்சு விடும்போது பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும். அந்த ஸ்டூலில் உட்கார ஆரம்பித்த பிறகு வெயில் காலத்திலும் கேட்டது. சாயங்காலம் வேனில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே வருவாள். ஒரு நாள் ரயில்வே கேட்டில் வேன் நின்றபோது இறங்கி, ரோட்டோரத்தில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், "நாளைக்கு நான் வரல. செத்தா ஏரியிலயே செத்துக்கறேன்" என்றாள்.

பொட்டு வைக்க விடவில்லை என்று கேட்டில் கத்தினாளே, அவள்தான், "அப்ப பாடு போட்டுக்கலாம்மே" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள்.

பாடு என்பது எங்கள் ஊர் ஆண்களின் ஏற்பாடு. ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் ஊர் கூடி உட்கார்ந்து சீட்டுக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அவன் முறையில் இன்னொருவன் அங்கே வலை போட மாட்டான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கல்யாணமான ஆம்பிளை பேரில்தான் சீட்டு. நான் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற இந்த ஊரில் ஒரு பெண் பேர் அந்தக் குலுக்கலில் விழுந்து நான் பார்த்ததில்லை. நல்ல இடத்துக்குப் பாடு கேட்டால் கொடுக்காத ஊர், நாற்றம் பிடித்த ஸ்டூலுக்குப் பாடு போடுவதைத் தடுக்கவா போகிறது?

ரிஜெக்ட் ஆன லேபிளைக் கிழித்து, பின்பக்கம் பேர் எழுதி, ஒரு டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினோம். ஒருத்திக்கு ஒரு நாள். அக்கா பேரையும் போட்டோம், அவள்தான் போடச் சொன்னாள். "தர்மத்துக்கு இன்னா ஒக்கார்றது நீங்க? என் மொறையில நான் ஒக்கார்றேன்" என்றாள். ஸ்டூல் வேலையை அவள்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து அப்படியே நடந்தது. யாருக்குத் தெரியப் போகிறது? தலைக்கு வலைத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், மேலே வெள்ளைக் கோட்டு. கண்ணைத் தவிர ஒன்றும் வெளியே தெரியாது. சுத்தத்துக்காகக் கொடுத்த உடுப்பில் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள் ஆகிவிட்டோம். சூப்பர்வைசருக்கு மட்டும் தெரியும். எல்லாம் தெரியும். ஒரு தடவை என்னிடமே, "இன்னிக்கு நீயா? சரி, டப்பா கொறையாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் அக்கா பேர் ஏறியபடியே இருந்தது. அதை மாற்றுகிற வேலை அவருடையது. அவர் மாற்றவில்லை.

அக்காவுக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியது. எங்களுக்கு ஆளாளுக்கு ஒரு நாள் தலைவலி. தாங்கிக்கொண்டோம்.

பிறகு ஆடிட்டர் வந்தார். அதற்கு முந்தின வாரம் முழுவதும் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், கழுவுகிற இடத்தில் புது சோப்பு வைத்தார்கள், க்யூசி மேடம் எங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். கை வெட்டிக்கிட்டா என்ன செய்வீங்க? காய்ச்சல் வந்தா யார்கிட்ட சொல்வீங்க? கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தோம். அக்காதான் எல்லோரையும்விட நன்றாகச் சொன்னாள்.

ஆடிட்டர் மரியாதையான மனிதர். வாசலில் தன் வாட்சைத் தானே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார், கையை முழங்கை வரைக்கும் கழுவினார். மெட்ராஸ்காரர் என்று நினைக்கிறேன், எங்களிடம் தமிழிலேயே பேசினார். மத்தியானம் குடோனுக்குப் போய் ஒரு தயிர் டப்பாவை எடுத்துக் கவிழ்த்து, அடியில் இருந்த நம்பரைப் படித்தார். இந்த டப்பா எந்தப் பிளாஸ்டிக்கில் வந்தது, எந்த மிஷினில் ஓடியது, யார் கை பட்டது என்று எல்லாவற்றையும் காட்டுங்கள் என்றார். நாளைக்கு இந்த டப்பாவால் யாருக்காவது வயிற்றுக்குச் சேராமல் போனால், எங்கே தப்பு நடந்தது என்று தேடிப் போக வழி இருக்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் இந்தச் சோதனை. கம்பெனிக்காரர்கள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார்கள். மேனேஜர் முகத்தில் பெருமை வழிந்தது. அச்சு மிஷினுக்கு வந்ததும் அக்கா பேர் நின்றது. அவளை மிஷின் பக்கத்துக்கே கூப்பிட்டார்கள். அன்று மூடி லைனில் எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து போனாள்.

"இந்த டப்பா ஓடுன அன்னிக்கு மத்தியானம் மிஷின் கொஞ்ச நேரம் நின்னிருக்கு. என்ன ஆச்சும்மா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

இந்தக் கேள்வியை க்யூசி மேடம் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். மை இழுவியது என்றால் போதும், முடிந்துவிடும். ஆனால் எங்கள் ஊரில் இன்னொருத்தர் பாட்டை என்னுடையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எவ்வளவு பெரிய குடிகாரனும் சொல்ல மாட்டான். அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கினாள்.

"தெரியாது சார். அன்னிக்கு என் பாடு இல்ல. அவ பாடு" என்று என்னைக் காட்டினாள்.

மேனேஜரும் க்யூசி மேடமும் சேர்ந்து பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆடிட்டர் என்னைக் கூப்பிட்டார். என்ன ஆச்சு என்று சொன்னேன். மை இழுவியது, மிஷினை நிறுத்தச் சொன்னேன், ரோலரைத் துடைத்தேன், கெட்டுப்போன டப்பாக்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டேன். தலையாட்டினார். பாடு என்றால் என்ன என்று கேட்டார், அதையும் சொன்னேன்.

"ஏம்மா இப்படி மாத்திக்கிட்டீங்க?"

"இங்க வந்து கொஞ்ச நேரம் நில்லுங்க சார், தெரியும். தின்னர் நாத்தம். ஒரே ஆளு தெனம் ஒக்காந்தா மூச்சு நின்னுடும்."

அவர் நின்றார். மூக்கைச் சுளித்தார். சுவரில் இருந்த தகரத்தைப் பார்த்தார். பூச்சி வராமல் அடைத்திருக்கிறோம் என்று க்யூசி மேடம் அவசரமாகச் சொன்னாள். "ஃபேன் வெச்சு, மேல கம்பி வலை அடிச்சா போதுமே, பூச்சியும் வராது, காத்தும் போகும்" என்று சொல்லிவிட்டு ஏதோ எழுதினார். எனக்கு அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்காவுக்குக் காற்று வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாயங்காலம் கடைசி மீட்டிங்கில் என்னைக் கதவோரம் நிற்க வைத்தார்கள், ஏதாவது கேட்டால் சொல்வதற்கு. ஆடிட்டர் படித்தார். பதிவில் இருக்கிற ஆள் வேறு, வேலை செய்த ஆள் வேறு, இது பெரிய குறை, இதைச் சரிசெய்து ஆதாரம் அனுப்பினால்தான் சர்ட்டிஃபிகேட். முறை மாற்றி வேலை செய்வது தப்பில்லை, எல்லோருக்கும் பயிற்சி கொடுத்து, மாற்றியதை எழுதிவையுங்கள் என்றார். தின்னரைப் பற்றி ஒன்றும் வரவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், அந்த ஃபேனு?"

அவர் என்னைப் பார்த்துப் பொறுமையாகத்தான் பேசினார். "அது என் யோசனைம்மா, குறையா எழுத முடியாது. டப்பாவால உள்ள இருக்கிற சாப்பாட்டுக்கு ஆபத்து வரக்கூடாது, அதைப் பார்க்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க. டப்பாவுல தின்னர் வாடை தங்குதான்னு டெஸ்ட் பண்ணியிருக்காங்க, தங்கல. வேலை செய்யறவங்க உடம்புக்கு வேற ஸ்டாண்டர்ட் இருக்கு. அதை இவங்க எடுக்கல."

டப்பாவில் தங்கவில்லையாம். தங்காது. அக்காவின் நெஞ்சில்தான் தங்கியிருக்கிறதே, அப்புறம் டப்பாவில் எப்படித் தங்கும்? பல்லிக்கும் எறும்புக்கும் ஒரு விதி இருக்கிறது. என் நெற்றிப் பொட்டுக்கு ஒரு விதி இருக்கிறது. உள்ளே வைக்கப்போகிற தயிருக்காக ஒரு மனிதர் மெட்ராஸிலிருந்து காரில் வந்து முழங்கை வரைக்கும் கை கழுவுகிறார். அந்த டப்பாவைக் கையில் எடுக்கிறவள் மூச்சு விடுவது அவர் எல்லைக்குள் வரவில்லை. அவரை நான் திட்டவில்லை. அவர் தன் வேலையைச் செய்தார். ஆனால் இந்த எல்லையை யார் போட்டது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை கேட்டில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். பொய்ப் பதிவுக்குக் காரணமானவராம், வேலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று ஆடிட்டருக்கு எழுதப் போகிறார்களாம். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "கம்ப்யூட்டர நான் தொட்டதே இல்லியே, நான் இன்னா பதிவு பண்ணேன்?" என்று கேட்டாள்.

நான் நேரே சூப்பர்வைசரிடம் போனேன். "நீங்க தானே பேர மாத்தணும்? உங்களுக்குத் தெரியும் தானே? எங்கிட்ட கேட்டீங்களே, இன்னிக்கு நீயான்னு?"

"நான் எப்போ கேட்டேன்? மூஞ்ச மூடிக்கினு வந்து ஆள் மாத்தி ஏமாத்தனது நீங்க."

"உங்க புள்ளைங்க மேல கை வெச்சி சொல்லுங்க பாக்கலாம்."

ஹேர்நெட் சரியில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். அப்படிப்பட்ட ஆளுக்கு முன்னால் அன்றைக்கெல்லாம் நான் டப்பாவுக்கு மூடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். முகத்துவாரம் அடைத்துக்கிடந்த காலம் அது. அவள் வீட்டுக்காரர் வலையைக் கூரையில் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்திருந்தார். அக்கா கேழ்வரகுக் கூழைக் கிளறியபடி, "நான் பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு வேலையில இருந்திருப்பேன்" என்றாள். அழவில்லை. "ஆனா அது உன் பாடு, நான் எப்புடி என்னுதுன்னு சொல்றது?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்களை கேன்டீனில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் வந்தார். அச்சு மிஷினுக்கு இனிமேல் கம்பெனியே முறை வைக்கும், அதுவும் உங்கள் ஊர் வழக்கப்படியே குலுக்கல், உங்களை நாங்கள் எவ்வளவு மதிக்கிறோம் பாருங்கள் என்றார். புதுசாக ஒரு பெரிய டப்பா, அதற்குள் டைப் அடித்த சீட்டுகள். குலுக்குவதை க்யூசி மேடம் போட்டோ எடுத்து ஆடிட்டருக்கு ஆதாரமாக அனுப்புவாள். ஒரு பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தக் காரணமாக இருந்த பாடு, ஒரே வாரத்தில் கம்பெனியின் நல்ல பழக்கமாகிவிட்டது. என்ன வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது.

டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். நான் கை வைக்கவில்லை.

"அக்கா பேர் உள்ள இருக்குதா சார்?"

"அவங்கதான் இப்ப கம்பெனியில இல்லையேம்மா."

"அப்ப இது பாடு இல்ல சார். மொறையில இருந்தவங்கள தள்ளிட்டுக் குலுக்கனா ஊர்ல எவனும் சீட்டத் தொட மாட்டான்."

பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினார்கள். அவளும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்தவளும். கேட்டில் கத்துகிறவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். காட்டூர்ப் பெண்களுக்குப் பாடும் தெரியாது, எங்கள் அக்காவுடன் பெரிய பழக்கமும் இல்லை. அவர்களும் எடுக்கவில்லை. க்யூசி மேடம் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். போட்டோ போகாவிட்டால் குறை தீராது, குறை தீராவிட்டால் சர்ட்டிஃபிகேட் வராது, அது வராவிட்டால் தயிர்க்காரர்கள் டப்பா எடுக்க மாட்டார்கள். இத்தனை நாள் எங்களை மிரட்டியே வைத்திருந்த அந்தச் சர்ட்டிஃபிகேட் அன்றைக்கு ஒரு சாப்பாட்டு வேளைக்கு எங்கள் மடியில் இருந்தது. மேனேஜர் வெளியே போய் யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

மறுநாள் கம்பெனி வண்டி கோட்டைக்குப்பத்துக்கு வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. ஆடிட்டருக்கு எழுதுகிற கடிதத்தில், எடுத்துவிட்டோம் என்பது, மறுபயிற்சி கொடுத்தோம் என்று மாறிவிட்டது. அதே கேன்டீன், அதே டப்பா. டைப் அடித்த சீட்டுகளோடு அக்கா பேரை க்யூசி மேடம் கையால் எழுதிப் போட்டாள். வெளியே வருகிற வரிசையில் முறை. முதல் சீட்டை எடுக்கச் சொல்லி மேனேஜர் அக்காவிடமே நீட்டினார், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று. அக்கா கையை விட்டுத் துழாவி எடுத்துப் பிரித்தாள். கையால் எழுதிய சீட்டு. அவள் பேர். முதல் முறை, மறுநாள் காலையே, அந்த ஸ்டூல்.

"குடுக்கா, நான் மாத்திக்கறேன்" என்றேன்.

"சும்மா கெட. என் பாடு."

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இதற்காகவா வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்தோம்? விஷம் அப்படியே இருக்கிறது, தகரம் அப்படியே இருக்கிறது. அதை ஆளுக்குக் கொஞ்சமாக மூச்சில் இழுத்துக்கொள்கிற உரிமையை டைப் அடித்து, போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குக் கைதட்டலும் நடந்தது. சூப்பர்வைசர்தான் முதலில் தட்டினார்.

க்யூசி மேடம் போனைத் தூக்கினாள். "எல்லாரும் சீட்டைக் காட்டுங்க. கொஞ்சம் சிரிங்கம்மா." எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா மட்டும் மாஸ்க்கை இறக்கி, சீட்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். போட்டோ எடுத்தாயிற்று.

"சிரிச்சாச்சு மேடம்," என்றாள் அக்கா. "ஃபேனு எப்போ வரும்?"

மேடம் போனில் படத்தைப் பெரிதாக்கி, எல்லோர் முகமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.